கட்டடத்துக்கு முந்தி வந்த மேசை

எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிச் சாமான்கள் வந்து சேர்ந்துவிட்டன. நான் அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காப்பிச் செடிகளெல்லாம் பூத்து, யாரோ மல்லிகைக் கூடையைக் கவிழ்த்துவிட்டதுபோல மலை முழுக்க மணந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மத்தியானம், எஸ்டேட் டிராக்டர் ஒன்று தார்ப்பாய் போட்டு மூடிய பாரத்தை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கிளார்க் நடந்து வந்தார். தலைச்சோலை வரைக்கும் லாரியில் வந்தவர், அதற்கு மேல் எங்கள் மண்பாதையில் டிராக்டர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, நடப்பதே மேல் என்று முடிவு செய்திருந்தார். ஏற்காடு என்றாலே குளிர் என்று கீழே யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பங்குனி வெயிலில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வியர்த்து வழிந்தார்.

அப்பா கொடுத்த மோரைக் குடித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “கட்டடம் எங்கீங்க?” என்பதுதான்.

அப்பா வீட்டுக்குக் கிழக்கே கைகாட்டினார். “அதா இருக்குதுங்களே.”

கிளார்க் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். நீளவாக்கில் வெட்டிய சில பள்ளங்களும், அதில் ஒன்றுக்குள் இறங்கிப் புல் மேய்ந்துகொண்டிருந்த எங்கள் ஆட்டின் முதுகும்தான் தெரிந்தன.

“எங்கீங்க?”

“குழி இருக்குதில்லீங்க, அதுதானுங்க கட்டடம்.”

அந்தக் குழிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் எங்கள் ஊரில் யாருக்காவது முடியாமல் போனால், கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரிக் கட்டி, அதில் படுக்கவைத்து, ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். தலைச்சோலைக்குப் போய் பஸ் பிடித்தால் ஏற்காடு. பஸ் இல்லாத நேரமென்றால் காட்டு வழியாக நேரே இறங்கி அடிவாரத்துக் குப்பனூர். போனவர்களில் சிலர் நடந்து திரும்பி வந்தார்கள். சிலரைப் போன மாதிரியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆகவே எங்கள் ஊரையும் சுற்றியிருந்த சின்ன ஊர்களையும் சேர்த்து ஒரு துணை சுகாதார நிலையம் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது என்ற செய்தி வந்தபோது, அது கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்ததைப் போலப் பேசப்பட்டது.

பணம் அரசாங்கம் தரும், இடம் ஊர் தர வேண்டும் என்றார்கள். எங்கள் மலையில் எல்லாம் உண்டு, சமமான தரை மட்டும் கிடையாது. இருந்த ஒரே சமதரை, அப்பாவும் சித்தப்பாவும் சாமை விதைத்துவந்த துண்டு நிலம். அப்பா அதைக் கொடுத்தார். கொடுத்ததற்குப் பதிலாக அவர் கேட்டது ஒன்றுதான். கட்டடத்தின் வாசல் சுவரில், செத்துப்போன தாத்தாவின் பெயர் பொறித்த கல் ஒன்றைப் பதிக்க வேண்டும். அதற்கென்ன, பதிக்கலாம் என்று யாரோ ஓர் அதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னார். அப்பாவுக்கு அது போதும். கட்டடம் வரும்வரை பொறுக்கவில்லை. சேலத்துக்குப் போய்க் கறுப்புக் கல்லை வெட்டி, பெயரைப் பொறித்து, வெள்ளை பூசிக் கொண்டுவந்து முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் உட்காருவதற்கு முன் ஒருமுறை குனிந்து தாத்தாவின் பெயரைப் படிக்க வேண்டியிருந்தது.

பிறகு கீழேயிருந்து காண்ட்ராக்டர் ஒருவர் வந்தார். குழி வெட்டினார். குழியை போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மலைக்குச் சிமெண்டும் மணலும் ஏற்றுகிற கூலியிலேயே முதல் தவணைப் பணம் தீர்ந்துவிட்டதாகவும், இரண்டாம் தவணை வந்தால்தான் சுவர் எழுப்ப முடியும் என்றும் சொல்லி அனுப்பினார். ஆபீசில் விசாரித்தபோது, சுவர் எழும்பியதைப் பார்த்தால்தான் இரண்டாம் தவணை தர முடியும் என்றார்கள். சுவர் பணத்துக்காகவும் பணம் சுவருக்காகவும் காத்திருந்த அந்த இடைவேளையில்தான் எங்கள் ஆடு அங்கே மேயப் பழகிக்கொண்டது.

கிளார்க் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அவர் கவலை வேறு.

“மார்ச்சு முடியறதுக்குள்ள சாமான் வாங்கலீன்னா பணம் திரும்பிப் போயிருமுங்க. அதுக்காவ வாங்கியாச்சு. வாங்குனத எங்கியாச்சும் எறக்கோணுமில்லீங்க?”

“அந்தப் பணத்துல செவுத்தக் கட்டியிருக்கலாமுங்களே” என்றார் அப்பா.

“அதெப்படீங்க? அது வேற தலைப்பு, இது வேற தலைப்பு.”

எனக்குத் தெரிந்த தலைப்பு சேலைத் தலைப்புதான். அம்மா அதில்தான் காசு முடிந்து வைத்திருப்பாள். அரசாங்கத்திடமும் நிறையச் சேலைகள் இருக்கும்போல, ஒன்றின் தலைப்பில் முடிந்த காசை இன்னொன்றுக்காக அவிழ்க்கக் கூடாதுபோல என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தாலும் அது ஒன்றும் பெரிய தவறாகத் தெரியவில்லை.

ஊரில் ஓடு வேய்ந்து, பூட்டுப் போட்ட தனி அறை இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். காப்பிக்கொட்டை மூட்டைகளும் மிளகும் வைக்கிற அறை. மூட்டைகளை முன்னறைக்கு நகர்த்திவிட்டுச் சாமான்களை அங்கே இறக்கினார்கள். ஓர் இரும்பு பீரோ. மூடி போட்ட வட்ட எவர்சில்வர் டப்பாக்கள். பிரிக்காத அட்டைப்பெட்டிகள். தட்டு வைத்த ஒரு தராசு. கடைசியாக, நாலு பேர் பிடித்துத் தூக்கி வந்த பிரசவ மேசை. பச்சை பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டம், அதன்மேல் கறுப்பு ரெக்சின் மெத்தை, தலைப்பக்கத்தைத் தூக்கி இறக்க ஒரு கைப்பிடி, கால்மாட்டில் வளைந்த இரண்டு கம்பிகள். ஆண்கள் அந்தக் கம்பிகளைப் பார்த்தார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார். கிளார்க் மப்ளரை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போனார்.

மறுநாளே சித்தப்பா அந்த மேசைக்கு வேலை கண்டுபிடித்துவிட்டார். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு அதில் சாய்ந்து சவரம் செய்துகொண்டார். சேலத்தில் பெரிய சலூன்களில்கூட இப்படி ஒரு நாற்காலி இல்லை என்று அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். குழந்தைகளை நிறுப்பதற்கான தராசில் மிளகு நிறுத்தார். எங்கள் சேவலை நிறுத்தார். என் தம்பியை அதில் உட்காரவைக்கப் போனபோதுதான் அம்மா வந்து பார்த்தாள்.

என் அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்றும் பேசவில்லை. தம்பியை இறக்கிவிட்டாள். தராசுத் தட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மேசையை வெந்நீர் ஊற்றித் துடைத்தாள். பிறகு அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வீட்டை மெழுகும்போது அந்த அறையைத் திறந்து மேசையையும் துடைப்பாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அது, விருந்தாளிக்காக விரித்து வைத்த கட்டில் மாதிரி, யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

சாமான் வந்தால் சாமானைக் கையாள ஆளும் வர வேண்டும் என்ற கணக்கில், சீக்கிரமே ஒரு நர்சும் வந்தார். கீழ்நாட்டுக்காரர். சின்ன வயது. ஏற்காட்டில் ஒரு மளிகைக் கடை மாடியில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி எங்கள் ஊருக்கு நடந்து வருவார். காட்டெருமை என்றால் அவருக்கு உயிரே போய்விடும். தூரத்தில் ஒரு பாறை கறுப்பாகத் தெரிந்தாலும் நின்றுவிடுவார். யாராவது போய் அது பாறைதான் என்று சொல்லிக் கூட்டி வர வேண்டும். குழந்தைகளுக்கு ஊசி போடுவார், கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு மாத்திரை கொடுப்பார். அம்மா ஒரு நாள் அறையைத் திறந்து காட்டியபோது, அவர் மேசையின் கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டு, “நான் படிச்ச எடத்துலகூட இத்தன புதுசா இல்லீங்கக்கா” என்றார். உடனேயே, நிலையம் திறக்காமல் இதில் எதையும் தான் தொடக்கூடாது என்பதையும் சொன்னார். அம்மா சரியென்று பூட்டிவிட்டாள்.

அந்த வருஷம் சித்தி மாசமாக இருந்தாள். அவளுக்கு அதுதான் தலைப்பிரசவம். மழைக்கு முன்னால் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்படி நர்சம்மா ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போவார். சித்தப்பாவும் ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றார். ஐப்பசியில் பிடித்த மழை விடவில்லை. தலைச்சோலைப் பாதையில் ஓடையைத் தாண்டுகிற இடத்தில் மண் சரிந்து, ஒரு பலாமரமும் சாய்ந்து கிடந்தது. அன்று காலையில் எப்படியோ அதைத் தாண்டி வந்துவிட்ட நர்சம்மாவால் திரும்பிப் போக முடியவில்லை. சேலையெல்லாம் சேறாக, எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். சித்தி அடுப்புக்குப் பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கியதைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

சித்தப்பா ஓடிப்போய் ஆட்களைத் திரட்டினார். மூங்கிலும் கம்பளியும் வந்தன. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஓடையில் ஆள் இறங்க முடியாது, தண்ணீர் மார்புக்கு மேலே போகிறது என்றார்கள். மழையில் நனைந்துகொண்டு எல்லோரும் வாசலில் நின்றார்கள். உள்ளே சித்தியின் குரல் மாறிக்கொண்டே வந்தது.

நர்சம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் தனியாப் பாத்ததே இல்லீங்கக்கா. பெரிய நர்சு பாக்கறப்பக் கூட நின்னிருக்கறேன், அவ்வளவுதான். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்ற வேலையே போயிருமுங்க. சென்டரே இன்னும் தொறக்கல.”

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். போய்க் கதவைத் திறந்தாள். ஜன்னலைத் திறந்தாள். அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றித் தண்ணீரை ஊற்றினாள். பிறகு வந்து நர்சம்மாவின் முன்னால் நின்றாள்.

“தொறந்தாச்சு சாமி. வாங்க.”

அதற்குப் பிறகு நடந்ததை நான் காதால் மட்டும்தான் பார்த்தேன். என்னையும் தம்பியையும் முன்னறைக்குத் துரத்திவிட்டார்கள். நான் காப்பி மூட்டைமேல் உட்கார்ந்து தம்பிக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கதை எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா நடையில் நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா மழையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஈர விறகு. எரியாது. அடுப்புக்கு வேண்டிய விறகு உள்ளே அடுக்கியே இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தி ஒருமுறை பெரிதாகக் கத்தினாள். பிறகு சத்தமே இல்லை. ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சித்தப்பாவின் கோடாலி நின்றுவிட்டது. “அழுவலியேக்கா, அழுவலியே” என்று நர்சம்மா சொல்வதும், “அந்தப் பொட்டியப் பிரிங்க” என்று அம்மா சொல்வதும், அட்டை கிழிகிற சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன. பங்குனியிலிருந்து பிரிக்காமல் கிடந்த அட்டைப்பெட்டியில், பிறந்த குழந்தையின் மூக்கிலும் வாயிலும் அடைத்திருப்பதை உறிஞ்சி எடுக்கிற ரப்பர்க் குமிழ் ஒன்று இருந்திருக்கிறது. அது இருப்பது நர்சம்மாவுக்குத் தெரியும். எந்தப் பெட்டியில் என்று தெரியாது. மூன்றாவது பெட்டியில் கிடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, நனைந்த கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அது பெரிதானது. தம்பி என் வாயைப் பொத்திவிட்டு, “கேளு” என்றான்.

பெண் குழந்தை. நர்சம்மா தராசில் போட்டு நிறுத்தார். அம்மா அவ்வளவு தேய்த்தும் தட்டின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மிளகு குழந்தையின் தொடையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுத்துச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகின் காரம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

நர்சம்மா நடந்ததை நடந்தபடியே மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டார். மார்கழியில் ஓர் அதிகாரி வந்தார். கூடவே அந்தப் பழைய கிளார்க்கும் வந்தார். முந்தைய அனுபவத்தை நினைத்து இந்த முறை அவர் மெல்லிய சட்டையோடு வந்திருந்தார். பல் தந்தியடிக்க, எங்கள் அடுப்பங்கரை வாசலை விட்டு நகரவே இல்லை.

அதிகாரி நல்ல மனிதர் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அறையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். குழிகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நர்சம்மா ஒரு மூலையில் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஊர் ஆண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அதிகாரி முன்னறையில் உட்கார்ந்து, எல்லோரையும்போலக் குனிந்து தாத்தாவின் பெயரைப் படித்துவிட்டு, அப்பாவிடம் சொன்னார்.

“ரெண்டு வழி இருக்குங்க. கட்டடம் வந்தப்புறம்தான் நிலையம்னு நீங்க சொன்னா, நான் கட்டடத்துக்கு எழுதிப் போடறேன். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் இந்தச் சாமான கீழ கட்டடம் இருக்கிற ஊருக்குக் குடுத்துடுவாங்க. இல்ல, இந்த வீட்டுலயே நிலையம் நடக்கட்டும்னு விட்டீங்கன்னா, வாடகைக் கட்டடத்துல நடக்குதுன்னு எழுதிடறேன். சாமானும் இருக்கும், இந்தப் பொண்ணும் இங்கயே தங்கிப் பாக்கும். நடந்தது தப்புன்னும் ஆகாது. ஆனா நடக்கற நிலையத்துக்கு எதுக்குப் புதுக் கட்டடம்னு கேப்பாங்க. அந்தப் பணம் வேற ஊருக்குப் போயிடும்.”

சித்தப்பாதான் முதலில் வெடித்தார். “ஏனுங்கண்ணா, இது நல்லாருக்குதா? நெலத்தையும் குடுத்துப்போட்டு, ஊட்டையும் குடுக்கோணுமாமா? இன்னைக்கு உட்டா இனி எந்தக் காலத்துலயும் கட்டடம் வராதுங்க.” வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் அதுதான் சரி என்றார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லவில்லை; வீடு அவர்களுடையது இல்லையே.

அப்பா சுவரில் சாய்ந்திருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எது வேண்டும் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கே தெரிந்தது.

“கட்டடமே வரட்டுமுங்க. காத்திருந்தது காத்திருந்தோம், இன்னுங் கொஞ்ச நாளு...” என்று அவர் ஆரம்பித்தார்.

“ஏனுங்க” என்று அம்மாவின் குரல் கேட்டது.

ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் அம்மா பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சித்தியின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

“நாம காத்திருப்போமுங்க. வவுத்துல இருக்கறது காத்திருக்குமுங்களா? குப்பனூருக்கு எறங்கற வழியில என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவ்வளவுதான் சொன்னாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். அதிகாரியும் சித்தப்பாவும் வாசலில் நின்றவர்களும் காத்திருந்தார்கள். சொந்தப் பெண்டாட்டி நாலு பேருக்கு முன்னால் எதிர்த்துப் பேசிவிட்டாளே என்று அவருக்குக் கோபம் வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எழுதிக்கோங்க” என்றார்.

“கட்டடம்?”

“அந்தப் பணம் எந்த ஊருக்குங்க போகும்?”

“தெரியலீங்க. கேக்கற ஊரு எத்தனையோ இருக்கு.”

“அங்கயாச்சும் செவுரு எழும்பட்டுமுங்க” என்றார் அப்பா.

அந்தத் தையிலேயே எங்கள் வீடு துணை சுகாதார நிலையம் ஆகிவிட்டது. முன்னறை நர்சம்மாவுக்கு. மூட்டை அறை மேசைக்கு. நாங்கள் எல்லோரும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நெருக்கிக்கொண்டோம். மூட்டைகளுக்கு வெளியே தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். வாசலில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் போர்டு மாட்டினார்கள். எங்கள் வாசல் கொஞ்சம் உயரம்; வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற பெண்கள் ஏறச் சிரமப்பட்டார்கள். அப்பா ஒரு நாள் தாத்தாவின் கல்லைச் சித்தப்பாவோடு சேர்ந்து தூக்கி வந்து, எழுத்து இருந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி படியாகப் போட்டுவிட்டார். பெயரை மேலே வைத்தால் மிதிப்பார்களே என்றுதான் கவிழ்த்துப் போட்டதாகச் சொன்னார்.

எனக்கு அப்பாமேல் ஆற்றாமை. பள்ளிக்கூடத்தில் என்னை ‘ஆஸ்பத்திரி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என் பாவாடையில் டெட்டால் வாடை அடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் ஓடிவர முடியாது. சத்தம் போட்டுப் பேச முடியாது. கண்ட நேரத்தில் யாராவது யாரையாவது தூக்கி வருவார்கள், அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெந்நீர் போடப் போவாள். ஓர் அதிகாரி வந்து நாலு வார்த்தை பேசியதும் அப்பா தோற்றுப்போய்விட்டார், நிலமும் போய் வீடும் போய்விட்டது என்று சித்தப்பா சொன்னதைத்தான் நானும் நம்பினேன். அந்தச் சித்தப்பாதான் ராத்திரி எந்நேரம் யார் வந்தாலும் அரிக்கேன் விளக்கோடு முதலில் எழுந்து போனவர் என்பது வேறு விஷயம்.

அடுத்த மழைக்காலத்தில், எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் அவள் புருஷனும் காட்டு வழியில் நடந்தே வந்திருந்தார்கள். வந்து சேர்ந்ததும் பிரசவம் ஆகிவிட்டது. சிரமம் எதுவும் இல்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். கிளம்புகிற அன்று காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. புருஷன் எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வரப் போயிருந்தான். அவள் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கத்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்.

பேச்சு வாக்கில் அந்தப் பெண் கேட்டாள். “உங்களுக்கு எத்தன கொழந்தைங்கக்கா?”

“மூணு” என்றாள் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். “ஏம்மா, நானும் தம்பியும் ரெண்டு பேருதான?”

அம்மா கையிலிருந்த துணியை உதறினாள். சுருக்கமில்லாமல் இழுத்துக் கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்து அதையும் உதறினாள்.

“ஆமா கண்ணு. ரெண்டுதான்” என்றாள்.

அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தன் மடியிலிருந்த குழந்தையை எடுத்து, எதற்கென்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷம் கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். சாயங்காலம் தம்பியைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், அம்மாவுக்கு ரெண்டு வரைக்கும்கூட எண்ணத் தெரியவில்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.